கிணறு வாசலுக்கு இடது பக்கம்

டிசம்பர் 14, சனி – கொல்கத்தா

ஹவுராவில் இறங்கியபோது எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் தலையில் குரங்குக் குல்லா. போனைப் பார்த்தால் 18 டிகிரி. எனக்குக் கையை மடித்துவிட்ட சட்டையே போதுமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிய போர்ட்டருக்கு அது பொறுக்கவில்லை. என் காதைச் சுட்டி, குளிர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும் என்று இந்தியில் கண்டித்தார். நான் சிரித்தேன். மூன்று நாள் கழித்து அவரை நினைத்துக்கொள்வேன் என்று அப்போது தெரியாது.

இந்தப் பயணம் என் யோசனை இல்லை. பெரம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு ஆன்ட்டி இருந்தார். அப்பா ரயில்வே டிரைவர், அண்ணன் ரயில்வே கார்டு என்று குடும்பமே தண்டவாளத்தின் மேல் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம், தகப்பன் வழியில் ஐரோப்பிய ரத்தம் கலந்தவர்கள். எங்கள் தெருவில் அவர்களுக்குப் பெயர் 'சட்டைக்காரங்க'. கிறிஸ்துமஸுக்குக் கீழே எங்களுக்குக் குல்குல் என்ற இனிப்புச் சுருளும் அச்சு முறுக்கும் வரும். அச்சு முறுக்கை அவர் 'ரோஸ் குக்கி' என்பார், அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தொண்ணூறுகளில் அவர்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இப்போது ஆன்ட்டிக்கு 74 வயது. நான் ஓய்வு பெற்றேன் என்று தெரிந்ததும் மெல்போர்னிலிருந்து குரல் செய்தி வந்தது. "சும்மாத்தானே இருக்கே மேன், எங்க டாடி வளந்த வீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

வீடு இருப்பது ஜார்கண்டில், மெக்லஸ்கிகஞ்ச் என்ற ஊரில். ஆன்ட்டி அங்கே போனதே இல்லை. அவர் அப்பா 9 வயதில் அங்கே குடிபோய், 1943இல் 18 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் நேராக மெட்ராஸ் ரயில்வேக்கு வந்துவிட்டவர். திரும்பிப் போகவில்லை. கதவு எண் கிடையாது. ஆன்ட்டியிடம் இருந்த அடையாளம் மூன்றுதான்: கிணறு வாசலுக்கு இடது பக்கம், புகைபோக்கி வைத்த வீடு, பின்னால் மூன்று பலா மரம்.

போகிற வழியில் கொல்கத்தாவிலும் இரண்டு நாள் இருப்போம் என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன். மாலை ஒரு மிட்டாய்க் கடையில் நோலேன் குட் சந்தேஷ் சாப்பிட்டேன். குளிர்காலத்தில் இறக்கும் புது ஈச்ச வெல்லம் போட்டது, ஒன்று 25 ரூபாய். ஒன்று கேட்டவனிடம் கடைக்காரர் முதலில் கால் துண்டு சும்மா கொடுத்து, சப்பி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான் நான்கு வாங்கினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு – போ பாரக்ஸ்

காலை ஆறரைக்கு டிரெட்டா பஜார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் இங்கே சீனக் காலை உணவு விற்பார்கள். தெருவோரம் மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்கிறது. மீன் உருண்டை சூப் ஒரு கிண்ணம் 60 ரூபாய். எட்டு மணிக்கு மேல் போனால் காய்கறிச் சந்தைதான் இருக்கும்.

அங்கிருந்து பொடிநடையாகப் போ பாரக்ஸ். மத்திய கொல்கத்தாவில், பெரிய சாலைக்கு உள்ளடங்கிய ஒரு சந்து. இரண்டு பக்கமும் சிவப்புச் செங்கல்லில் மூன்று மாடிக் கட்டடங்கள், பச்சை மரச் சன்னல்கள். பெயரே சொல்கிறது, இது படைவீரர் குடியிருப்பு. முதல் உலகப் போருக்காகக் கட்டியது. போர் முடிந்து பட்டாளம் காலி செய்ததும் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கைக்குப் போய், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வாடகைக்கு வந்தது. சிப்பாய்கள் தங்கிய அறைகளில் நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது. சந்தின் நடுவே மாதாவுக்கு ஒரு சின்னக் கெபி. இப்போது சீனர், கோவாக்காரர், வங்காளிகள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள். ஒவ்வொரு வாசலிலும் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்து வாசலில் ஒரு பாட்டி கேக் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளே வெண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். நைட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மஃப்ளர். வீட்டில் கேக் சுடும் அடுப்பு இல்லை. மாவைக் கலந்து தட்டில் ஊற்றிப் பக்கத்து பேக்கரிக்கு எடுத்துப்போனால் கூலிக்குச் சுட்டுக் கொடுப்பார்களாம். மாவுக்குப் பக்கத்திலேயே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்திரி குறைந்துபோகும் என்றார் கண்ணைச் சிமிட்டி.

மெட்ராஸ் என்றதும் முதல் கேள்வி, "உங்க பக்கம் பால் கறியில தேங்காய் ஊத்துவீங்களே, ஏன்?" பால் கறி என்றால் 'ball' கறி, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு. எங்கள் ஊருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் பெப்பர் வாட்டர் எங்களுடையது என்று விட்டுக்கொடுக்கவில்லை. பெயரைத் தமிழில் சொன்னால் மிளகுத் தண்ணி, அவ்வளவுதான், நம் ரசம். பாட்டி கொஞ்சம் யோசித்து, "இருக்கலாம்" என்றார்.

அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே பித்தளைப் பட்டன்கள், நூல் அறுந்த ஜெபமாலை, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதம், ஒரு போட்டோ. போட்டோவில் 19 வயதுப் பெண், சாய்த்து வைத்த தொப்பி, முழங்கால் வரை காக்கிப் பாவாடை, பின்னால் மணல் மூட்டைச் சுவர். அவருடைய அம்மா. 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப் படையில் சேர்ந்தவர். குமாஸ்தா வேலை, டெலிபோன், சங்கேதச் செய்தி, வண்டி ஓட்டுவது என்று ஆண்களைப் போர்முனைக்கு விடுவித்துவிட்டு அந்த இடத்தில் பெண்களை உட்கார்த்திய படை. ஆங்கிலோ இந்தியப் பெண்கள் அதில் ஏராளம். ஆங்கிலம் தெரியும், டைப்பிங் தெரியும், வெளியே வேலைக்குப் போவது வீட்டில் வழக்கம்.

சீருடைக்குக் காக்கிச் சேலையும் உண்டு, பாவாடையும் உண்டு. எது வேண்டும் என்று கேட்டபோது அம்மா பாவாடை என்றாராம். "சேலை எடுத்திருந்தா சுதந்திரத்துக்கு அப்புறம் வேலை கிடைச்சிருக்கும்" என்று சொல்லிப் பாட்டி தானே சிரித்தார். 1942 டிசம்பர் 20 ராத்திரி ஜப்பான் விமானங்கள் முதன்முதலாகக் கொல்கத்தாமேல் குண்டு போட்டபோது அம்மா டெலிபோன் பலகை முன்னால் இருந்தார். ஊரில் பாதி ஹவுராவுக்கு ஓடியது, இவர் ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். போர் முடிந்து படையைக் கலைத்தபோது கொடுத்த காகிதம்தான் டின்னில் இருப்பது. அதை என்னிடம் பிரித்துக் காட்டவில்லை. மடிப்பில் விட்டுப்போகும் என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் குறுக்கிட்டார். நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் என்று இவர்களுக்கு இரண்டு இடம் இருந்தது, 2020 ஜனவரியோடு அது போயிற்று. "எங்களுக்குன்னு ரெண்டு நாற்காலி கிடந்தது. உக்காந்தவங்க பேசினாங்களான்னு தெரியாது. இப்ப நாற்காலியும் இல்ல."

கிளம்பும்போது பாட்டி ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். போன வருஷத்தது, ரம்மில் ஊறியது, கெடாது என்றார். ஒரு வருஷத்துக் கேக்கை எப்படிச் சாப்பிடுவது என்று பயந்துகொண்டே சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றில் அதுதான் முதலிடம்.

டிசம்பர் 16, திங்கள் – மைதானம்

இன்று விஜய் திவஸ், 1971 போர் வெற்றி நாள். வில்லியம் கோட்டைப் பக்கம் ராணுவ வண்டிகள், போலீஸ், கயிறு. நான் பார்க்க வந்தது வேறு இரண்டு போர்கள்.

ரெட் ரோடு அகலமான நேர்ச்சாலை. இரண்டாம் உலகப் போரில் இதைப் போர் விமான ஓடுபாதை ஆக்கினார்கள். நகரத்தின் நடுவே விமானம் இறங்குவதைப் பக்கத்துச் சௌரங்கித் தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். இப்போது டாக்ஸிகள் அதே தோரணையில் பறக்கின்றன.

மைதானத்தில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது, லண்டனில் உள்ளதன் சாயலில். அதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, பத்து ரூபாய்க்கு மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு, நான் படித்துவிட்டு வந்ததை அசைபோட்டேன். 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஆணை போட்டது. தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவன் பட்டாளத்தில் சிப்பாயாக முடியாது. குழல் ஊதலாம், கொட்டு அடிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். வெளுத்த தோல் வாய்த்தவர்கள் பிறப்பை மறைத்து வெள்ளைக்காரப் படையில் நுழைந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு, நெருக்கடி வந்தபோது தவிர, நூறு வருஷத்துக்கு மேல் கதவு சாத்தியே இருந்தது. 1916இல், ஆள் போதாதபோது, ஆங்கிலோ இந்தியப் படை என்று தனியாகவே ஒன்று திரட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே மெசபடோமியாவில் இவர்கள் இருந்தார்கள். டைக்ரிஸ் ஆற்றங்கரையில் கூட் என்ற ஊரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை, 147 நாள், துருக்கியர் முற்றுகையில் சிக்கிய படையில் தன்னார்வப் பீரங்கி அணி ஒன்றும் இருந்தது. அதில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் தந்தி ஆபீஸிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கவாத்துப் பழகியவர்கள். கடைசியில் பட்டாளத்துக் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். சரணடைந்தபின் பாலைவனத்தில் நடத்தியே கூட்டிப்போனதில் செத்தவர்கள் பலர்.

நடை என்றதும் என் அப்பாவைப் பெற்ற பாட்டி ஞாபகம். 1942இல் ஜப்பான் படைக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்தவள் அவள், ஒரு குழந்தையைக் காட்டில் புதைத்துவிட்டு. பர்மா எல்லையில் தமு என்ற ஊர் வழியில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, நம்மவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டதாக அன்றே பெரிய புகார் எழுந்தது. நல்ல பாதையில் சட்டைக்காரர்களும் போனார்கள் என்பது பாட்டியின் ஆறாத கோபம். மாடி வீட்டிலிருந்து வரும் குல்குலை அவள் மட்டும் தொடமாட்டாள். அந்தப் பயணத்தில் சட்டைக்காரர்களும் நடந்து செத்திருக்கிறார்கள் பாட்டி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரவு ராஞ்சிக்கு ரயில்.

டிசம்பர் 17, செவ்வாய் – ராஞ்சி

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். தூக்கக் கலக்கத்தில் இறங்கியதில் இருந்த ஒரே ஸ்வெட்டரை மேல் பெர்த்தில் விட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே நல்ல குளிர். பிளாட்பாரக் கடையில் 450 சொன்ன ஸ்வெட்டரை 300க்குப் பேசி வாங்கினேன். கடைக்காரப் பெண் பில்லோடு ஒரு குரங்குக் குல்லாவையும் நீட்டினார், 80 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். போர்ட்டர் ஐயா, மன்னிக்கவும்.

காலை உணவு துஸ்கா. அரிசியும் பருப்பும் அரைத்து எண்ணெயில் பொரித்தது, நம் ஊத்தப்பத்துக்கும் வடைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. உருளைக்கிழங்குக் குழம்போடு நான்கு 40 ரூபாய். இலைத் தொன்னையில் குழம்பு தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மதியம் போர்க் கல்லறை. பர்மா போர்முனைக்குப் பின்னால் ராஞ்சி பெரிய ராணுவத் தளம். பயிற்சி முகாம், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கேதான். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சுற்று வட்டாரத்தில் இறந்தவர்களையும் சேர்த்து 700 பேருக்கு மேல் இங்கே படுத்திருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், ஒரே உயரத்தில் வரிசை வரிசையாகக் கற்கள். பதவி பார்த்து உயரம் கிடையாது.

ஆன்ட்டியின் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கலாம் என்று தொடங்கினேன். அரை மணியில் முட்டாள்தனம் புரிந்தது. கல்லில் இருப்பது பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. பெயர் ஆங்கிலப் பெயர். படைப்பிரிவு இந்தியப் பிரிவாக இருந்தால் இவர் கரக்பூர் ரயில்வே காலனிப் பையனாக இருக்கலாம், அல்லது மான்செஸ்டரிலிருந்து வந்த அதிகாரியாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் படைப்பிரிவாக இருந்தால் பிறப்பை மறைத்துச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். உயிரோடு இருந்தவரை, நீ முழு வெள்ளையா, முக்கால் வெள்ளையா, அரையா என்று எல்லாரும் துருவித் துருவிக் கேட்டார்கள். கல் கேட்கவே இல்லை. இன்னொருவர் பார்வையில் இது மரியாதை. எனக்கென்னவோ, தேடிவந்தவனுக்குக் கதவைச் சாத்தியது போலத்தான் இருந்தது. '22 வயது' என்று போட்ட ஒரு கல்லின் முன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். காரணம் ஒன்றுமில்லை, என் பையனுக்கு 22.

தோட்டக்காரர் பார்வையாளர் புத்தகத்தை நீட்டி, முகவரிப் பத்தியை விரலால் தட்டிக் காட்டினார். சென்னை என்று எழுதியதும் "யாரைப் பார்க்க?" என்றார். தெரியவில்லை என்றேன். நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள் என்றார்.

டிசம்பர் 18, புதன் – மெக்லஸ்கிகஞ்ச் போகும் வழி

வாடகைக் கார், போய் விட்டுவர 3,200 ரூபாய். ராஞ்சியைத் தாண்டினால் ராத்து என்ற ஊர். இங்கே இருந்த மகாராஜாவிடம்தான் 1933இல் எர்னஸ்ட் டிமோத்தி மெக்லஸ்கி என்ற கொல்கத்தாக்காரர் 10,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினார். வங்காளச் சட்டசபையில் இருந்தவர், ஆங்கிலோ இந்தியர். வெள்ளைக்காரனுக்கு நாம் கறுப்பு, கறுப்பனுக்கு நாம் வெள்ளை, நமக்கென்று சொந்தமாக ஒரு மண் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்த சொல் 'முலுக்'. காலனைசேஷன் சொசைட்டி என்று கம்பெனி தொடங்கி, பங்கு வாங்கியவர்களுக்கு நிலம் கொடுத்தார். நாடெங்கும் கடிதம் போனது. ஓய்வுபெற்ற டிரைவர்களும் தந்திக்காரர்களும் சேமிப்பைப் போட்டார்கள். முந்நூறு, நானூறு குடும்பம் வந்து வீடு கட்டியது.

இந்த ஆசை புதிதில்லை. பெங்களூரில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளாக நிற்கிற வொயிட்ஃபீல்ட், 1882 வாக்கில் மெட்ராஸ்காரரான டி.எஸ். வொயிட் முயற்சியில் ஆங்கிலோ இந்தியருக்கென்று எழுப்பிய விவசாயக் குடியிருப்புதான். பெயரும் அவருடையதே.

பிஜுபாடாவில் திரும்பி கலாரி போகும் சாலையில் நிலக்கரி லாரிகள். முன்னே போகும் லாரியிலிருந்து கரித்தூள் பறந்து கண்ணாடியில் படிகிறது. ஓட்டுநர் வைப்பரைப் போட்டார், கண்ணாடி இன்னும் கறுத்தது. கலாரிக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. ஓட்டுநர் அதை உருட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் சாலையோரம் நான். ஒரு பெண்மணி வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்டார். பேச்சே இல்லை, போட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து அவர் பையன் ஒரு சொம்பு தண்ணீரும் கை நிறையப் பச்சைப் பட்டாணியும் கொண்டுவந்தான். உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். காசு கொடுத்ததற்குப் பையன் ஓடியே போய்விட்டான்.

ஊர் வந்தபோது இருட்டிவிட்டது. தங்கிய விடுதியில் சுடுதண்ணீர் வரும் என்று சொன்னது வரவில்லை. கேட்டால், வரும் என்றார்கள். இரவு முழுக்க வந்துகொண்டே இருந்தது போலும். ரொட்டி, கோழிக் குழம்பு, 250 ரூபாய். மூன்று கம்பளி, அதன்மேல் என் ஸ்வெட்டர், குல்லா.

டிசம்பர் 19, வியாழன் – மூன்று வீடு

காலை 5 டிகிரி. புல்லில் பனி. சால மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, தூரத்தில் ஓட்டுக் கூரை, புகைபோக்கி. ஆன்ட்டியின் இரண்டாவது அடையாளம் இங்கே செல்லாது என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. பார்த்த பழைய வீட்டிலெல்லாம் புகைபோக்கி.

மெக்லஸ்கி இந்த ஊரை முழுதாகப் பார்க்கவில்லை, 1935இலேயே இறந்துவிட்டார். வந்தவர்களுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. பக்கத்தில் போதுமான வேலையும் இல்லை. தட்டுத்தடுமாறி நின்றுகொண்டிருந்தபோது 1939இல் போர் வந்தது. சம்பளம், சீருடை, ரயில் டிக்கெட். இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், பெண்கள் நர்ஸாகவும் குமாஸ்தாவாகவும் போனார்கள். குண்டடிபட்டு வராதவர்கள் சிலர், குண்டு படாமலே திரும்பி வராதவர்கள் பலர். ஆன்ட்டியின் அப்பா இரண்டாவது வகை. 1947க்கு அப்புறம் மீதிப் பேர் வீட்டை விற்றுக் கப்பலேறினார்கள். இப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போ பாரக்ஸில் பட்டாளம் விட்டுப்போன இடத்தில் குடும்பங்கள் புகுந்தன. இங்கே குடும்பங்கள் விட்டுப்போன இடம்தான் மிச்சம்.

டீக்கடையில் விசாரித்தபோது ஒரு பெரியவரைக் காட்டினார்கள். உராவ் பழங்குடிச் சமூகத்தவர், எழுபதுக்கு மேல் இருக்கும். சிறு வயதில் இந்த பங்களாக்களில் மாடு மேய்த்தவராம். ஆன்ட்டி குடும்பப் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. கிணறு இடது பக்கம், பின்னால் மூன்று பலா என்றதும் முகம் மாறியது. "பலா என்றால் மூன்று வீடு இருக்கிறது" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் வீட்டுக்குக் கூரை இல்லை. வரவேற்பறையில் அரசமரம் முளைத்து, கணப்படுப்பு வழியாக வேர் இறங்கியிருந்தது. கிணறு கிடையாது. இரண்டாவது வீடு பூட்டியிருந்தது, கொல்கத்தாக்காரர் யாரோ வாங்கி வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாராம். கை பம்புதான் இருந்தது. பெரியவர் கேட்டைப் பிடித்து எட்டிப் பார்த்து, "இது இல்லை, இங்கே நாய் கடிக்கும்" என்றார். நாய் எப்போதோ செத்திருக்கும்.

மூன்றாவது வீடு மாணவர் விடுதி. 1997இல் டான் பாஸ்கோ பள்ளி இங்கே வந்தபின்தான் ஊர் மூச்சு விட்டது என்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வர, பழைய வீடுகள் பல விடுதியாகிவிட்டன. வராந்தா நெடுக நீலச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பொடியன் வாயில் பல் பசையோடு வெளியே வந்து, யாருடைய அப்பா என்று கேட்டான். புகைபோக்கி இருந்தது. கிணறு இருந்தது, மேலே இரும்பு வலை போட்டு. கைப்பிடிச் சுவரில் கயிறு உரசி உரசி ஏற்பட்ட பள்ளங்கள், விரலை வைத்தால் பொருந்துகிற ஆழம். பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு பலா. மூன்றாவது இடத்தில் ஓர் அடிக்கட்டை, அதன்மேல் பையன்கள் துணி துவைக்கிறார்கள்.

இதுதானா என்று பெரியவரைக் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். போ பாரக்ஸ் பாட்டி ரசத்துக்குச் சொன்ன அதே தொனி.

போட்டோ எடுக்கும்போது, தன்னையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். கிணற்றடியில் போய் நிமிர்ந்து நின்றார், தலைமுண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு. 200 ரூபாய் கொடுத்தேன், டீக்கு என்று பத்து ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். ஊரில் சிக்னல் படுத்தியது. ஸ்டேஷன் பக்கம் போய்த்தான் படம் மெல்போர்னுக்குப் போனது.

டிசம்பர் 20, வெள்ளி – ராஞ்சி, ரயிலில்

இன்று ராம்கர் போவதாக இருந்தேன். பர்மாவிலிருந்து 1942இல் பின்வாங்கி வந்த சீனப் படைக்கு அமெரிக்கர்கள் அங்கேதான் பயிற்சி கொடுத்தார்கள், ஜெனரல் ஸ்டில்வெல் தலைமையில். சீன வீரர்களின் கல்லறையும் அங்கே இருக்கிறது. ஆனால் அதே பின்சக்கரம் அதே கலாரி பக்கத்தில் மறுபடியும் போயிற்று. அதே வீட்டிலிருந்து அதே பெண்மணி எட்டிப் பார்த்தார், இந்த முறை சிரித்தார். மறுபடியும் கட்டில், மறுபடியும் பட்டாணி. ராம்கர் அவ்வளவுதான். போயிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்தான் பெயர்கள் இருந்திருக்கும்.

ரயில் ஏறி உட்கார்ந்தபின் ஆன்ட்டியின் குரல் செய்தி. இரண்டு நிமிடம். முதல் அரை நிமிடம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். அப்புறம் பெரம்பூர்க் குரல் திரும்பிவிட்டது.

"நல்லாயிருக்கு மேன். அந்த ஆளு யாரு, ரொம்ப ஜென்டில்மேனா நிக்கிறாரு. ஆனா கிணறு வலது பக்கம்ல இருக்கு? டாடி இடதுன்னு சொன்னாரே. நீ எங்க நின்னு எடுத்தே? வெளிய இருந்து வீட்டைப் பாத்தா, இல்ல வாசப்படியில நின்னு வெளிய பாத்தா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிணறு, பெரியவர், பின்னால் மங்கலாக வீட்டுச் சுவர். வெளியே நின்றுதான் எடுத்திருக்கிறேன். 18 வயதில் பெட்டியோடு கிளம்பியவர் எந்தப் பக்கம் பார்த்து நின்று மனதில் வைத்துக்கொண்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை அப்படியே சொல்லி அனுப்பினேன்.

டாட்டாநகர் தாண்டும்போது அடுத்த கேள்வி வந்தது. "சரி விடு. பலா எத்தனை?"

இரண்டு மரம், ஓர் அடிக்கட்டை என்றேன்.

உடனே பதில். "கட்டையையும் எண்ணு மேன்."